ஆனி வெயிலில் ஒரு கம்பளிக் கோட்

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், வெங்காய மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது மருதையின் தையல் கடை. அங்கே முழங்காலுக்குக் கீழே தொங்கும் கறுப்புக் கம்பளிக் கோட் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றான் அப்துல் சுக்கூர். வெளியே ஆனி மாத வெயில் தகரக் கூரைகளைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

“சார், இன்னும் கொஞ்ச நேரம் இதுக்குள்ள நின்னேன்னா, என்னைக் கொழுக்கட்டை மாதிரி எடுத்து இலையில வச்சிரலாம்.”

அவனுடைய முதலாளி, துப்பறிவாளர் வீரமலை சிரிக்கவில்லை. கோட்டின் கை எங்கே முடிகிறது என்று பார்த்தார். சுக்கூர் நல்ல உயரம். அவனுக்கே மணிக்கட்டைத் தாண்டி விரல் வரை வந்தது.

“இது ஒரு பொம்பளைக்குத் தைச்சதா, மருதை?”

“ஆமாங்க. மிஸ் பேட்ரிசியாவுக்கு. ஆறடிக்கு ரெண்டு விரக்கடை குறைச்சல், அவ்வளவுதான். அந்த இங்கிலீஷ் கிராமத்துல நான் தைக்காத கவுனே கிடையாது. ஆனா கம்பளிக் கோட் யாரும் கேட்டதில்ல. திருச்சியில கம்பளிக்கு என்னங்க வேலை?”

கோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும், அந்தக் கேள்விதான் வீரமலையை மாடி ஏற வைத்தது.

இங்கிலீஷ் கிராமம் என்று மருதை சொன்னது முக்கொம்பு போகும் சாலையில் இருந்த வில்லோபி கிரீனை. ஜட்கா வண்டிக்காரர்கள் அதை வில்லப்பட்டி ஆக்கிவிட்டார்கள். வில்லோபி என்ற ரயில்வே என்ஜினீயர் துரை, தன் சொந்த ஊரின் ஞாபகமாக, ஒரு தென்னந்தோப்பை வாங்கி அப்படியே ஓர் இங்கிலீஷ் ஊரைக் கட்டினார். சிவப்பு ஓட்டு வீடுகள், நடுவில் புல்தரை, ஒரு சின்ன சர்ச், ஆட்டத்துக்கும் பாட்டத்துக்கும் ஒரு ஹால். ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களை அதில் குடிவைத்தார். பிற்பாடு உள்ளூர் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவும் வந்து சேர்ந்தன. ஒரே ஒரு நிபந்தனை. முதன்முதலில் குடியேறியவர்களில் ஒருவராவது அங்கே வாழ்கிற வரைக்கும்தான் ஊர் அவர்களுடையது. கடைசி ஆள் செத்தாலும் சரி, ஊரைவிட்டுப் போனாலும் சரி, நிலம் துரையின் வாரிசுக்குப் போய்விடும். வாரிசோ லண்டனில் உட்கார்ந்தபடியே அந்த உரிமையைத் திருச்சி அரிசி ஆலை முதலாளி பிச்சமுத்துவுக்கு விற்றுவிட்டார்.

முதல் குடிகளில் மிச்சம் இருந்தது மிஸ் பேட்ரிசியா ஒருத்திதான். “கிழவி உயிரோட இருக்காளா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க” என்று வீரமலையிடம் வந்தவர் பிச்சமுத்து. ரெண்டு மாதமாக அந்த அம்மாள் ஜன்னலில் தெரிகிறாரே ஒழிய வெளியே காலெடுத்து வைக்கவில்லை என்பது அவருடைய சந்தேகம்.

“கடைசியா எப்ப வந்தாங்க, மருதை?”

“ஸ்ரீரங்கம் சித்திரைத் தேர் அன்னைக்குங்க. பஸ்ஸெல்லாம் கும்பல். ஜட்கா பிடிச்சு வந்து, இந்தப் படியெல்லாம் தானே ஏறி வந்து, இந்தப் பலகை மேல நின்னு அளவு சரி பார்த்தாங்க.” மருதை குரலைத் தாழ்த்தினார். “நின்னுக்கிட்டே அழுதாங்க. ‘அங்க யாரும் என் முகத்தைப் பார்க்கிறதில்ல மருதை. கோட்டைக் கிராமத்துக்கு எடுத்துட்டு வந்துராத, நானே வந்து வாங்கிக்கிறேன்’னாங்க. வரவே இல்ல.”

வீரமலை கோட்டை மடித்து சுக்கூரின் கையில் கொடுத்தார். “வா பாய். உரியவங்ககிட்ட சேர்த்துட்டு வருவோம்.”

“சார், முக்கொம்புக்கு ஜனங்க சாப்பாட்டு மூட்டை கட்டிக்கிட்டுப் போவாங்க. நாம கம்பளியைக் கட்டிக்கிட்டுப் போறோம்.”

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேறு தேசத்துக்குள் வந்துவிட்டது போலிருந்தது சுக்கூருக்கு. வெட்டிச் சீராக்கிய வேலிச்செடிகள். ஒவ்வொரு வாசலிலும் தொட்டியில் பூக்கள். அன்று சனிக்கிழமை. ஹால் முழுக்கக் காகிதத் தோரணம் கட்டி, நீள மேஜையில் கேக்கும் சான்ட்விச்சும் பரப்பி, நம்பர் கூப்பிட்டு ஆடும் டம்போலா ஆட்டத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கவுன் போட்ட அம்மாள்கள் சிரித்தபடி நடமாடினார்கள். ஆனால் இவர்கள் இருவரும் புல்தரை ஓரம் வந்து நின்றதும், அத்தனை சிரிப்பும் ஒரே சமயத்தில் அடங்கியது.

நரைத்த மீசையும் வெள்ளைக் கால்சட்டையுமாக ஒருவர் கைநீட்டிக்கொண்டு வந்தார். டென்சில் ரோச், ஊர்ச் செயலாளர். ஒரு காலத்தில் மெயில் வண்டி டிரைவர். தமிழ் சரளமாக வந்தது.

“மிஸ் பேட்ரிசியாவா? நல்லா இருக்காங்க. முட்டி வலி, அதான் கீழ இறங்கறதில்ல. அதோ பாருங்க!”

புல்தரையின் கோடியில் ஒரு மாடி வீடு. மேல் ஜன்னலில், தொப்பியும் முகத்தை மறைக்கும் வலையுமாக ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. டென்சில் கையை உயர்த்தினார். பதிலுக்கு ஜன்னலில் ஒரு கை மெல்ல அசைந்தது. ஹால் வாசலில் நின்ற ஆண்கள் தொப்பியைத் தூக்கினார்கள். ஒரு கிழவர் “குட் ஆஃப்டர்நூன், பேட்ரிசியா!” என்று கத்தினார். அந்த வழியாகப் போன ஒரு அம்மாள் நின்று முத்தம் பறக்கவிட்டாள்.

“அவங்க தைக்கக் கொடுத்த கோட் இது. அளவு பார்த்துட்டுக் கொடுத்துரலாம்னு வந்தோம்” என்றார் வீரமலை.

டென்சிலின் பார்வை கோட்டின் மேல் விழுந்தது. விழுந்த பார்வை எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“என்கிட்ட கொடுங்க. நான் சேர்த்துடறேன்.”

“பரவாயில்லை, இன்னொரு நாள் வரோம்.”

இருவரும் திரும்பி நடந்தார்கள். பஸ் நிறுத்தம் வரை தங்கள் முதுகைக் கண்கள் துரத்துவதை சுக்கூர் உணர்ந்தான். வளைவு திரும்பியதும் வீரமலை அவன் கையைப் பிடித்து வாய்க்கால் கரையில் இறக்கினார். நாணல் மறைவில் சுற்றிவந்து, பம்பு செட் கொட்டகைக்குப் பின்னால் பதுங்கினார்கள். அங்கிருந்து பார்த்தால் அந்த ஜன்னலும் தெரிந்தது, வீதியும் தெரிந்தது.

“இப்ப என்ன சார் பார்க்கணும்?”

“மரியாதையை.”

கொஞ்ச நேரம் பார்த்தார்கள். முத்தம் பறக்கவிட்ட அம்மாள் அதே ஜன்னலுக்குக் கீழே திரும்பி வந்தாள். தலையைத் தூக்கவில்லை. கத்திய கிழவர் தன் நாயோடு நடந்துபோனார். நாயைத்தான் பார்த்தார். இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டே கடந்தார்கள், தொப்பி தலையிலேயே இருந்தது. ஜன்னலில் அந்த உருவம் உட்கார்ந்துதான் இருந்தது.

“சார்... நாம பார்த்தாத்தான் அந்தம்மாவுக்கு சலாம். நாம போயிட்டா அது வெறும் ஜன்னல்.”

“அப்ப அங்க உட்கார்ந்திருக்கிறது யாருன்னு ஊர் முழுக்கத் தெரியும்.”

அதற்குள் ஹாலில் மைக் செட் கரகரத்தது. டென்சிலின் குரல் புல்தரை தாண்டி வந்தது. “கெல்லீஸ் ஐ... நம்பர் ஒன்!” ஜனங்கள் எல்லோரும் ஹாலுக்குள் போய்விட்டார்கள்.

“அவர் நம்பர் கூப்பிடற வரைக்கும் நமக்குப் பயமில்ல. காதை அங்கேயே வச்சுக்க” என்றார் வீரமலை. பின் கதவு வழியாக வீட்டுக்குள் நுழைந்து மாடி ஏறினார்கள்.

ஜன்னலோரம் இருந்த உருவம் திடுக்கிட்டுத் திரும்பியது. வலைக்குப் பின்னால் முகம் சரியாகத் தெரியவில்லை.

“பயப்படாதீங்கம்மா. மருதை கடையிலேர்ந்து வரோம். நீங்க தைக்கக் கொடுத்த கோட்” என்றான் சுக்கூர்.

“கோட்டா?” குரல் தடுமாறியது. “ஆமா... ஆமா. வச்சுட்டுப் போங்க.”

“ஒரு தடவை போட்டுப் பார்த்துருங்கம்மா. சரியில்லைன்னா மருதை எங்களைத் தைச்சிருவார்.”

மறுக்க வழியில்லாமல் அவள் எழுந்தாள். “டூ லிட்டில் டக்ஸ்... ட்வென்ட்டி டூ!” என்றது மைக். சுக்கூர் கோட்டைப் பிடிக்க, அவள் கைகளை நுழைத்தாள். கோட்டின் விளிம்பு தரையில் புரண்டது. கைகள் நுழைந்த இடம் தெரியாமல் போய்விட்டன.

“நான்... ரொம்ப இளைச்சிட்டேன்.”

“இளைச்சா உடம்பு குறையும்மா” என்றான் சுக்கூர் மெதுவாக. “கை குட்டையாகுமா?”

அவள் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். தொப்பியையும் வலையையும் கழற்றி மடியில் வைத்தாள். அறுபது வயதிருக்கும். மாநிறம். அழுது அழுது தடித்த இமைகள்.

“என் பேரு ரோசரி. பக்கத்து வீடு. முப்பது வருஷமா நானும் பேட்ரிசியாவும் ஒண்ணாத்தான் காபி குடிச்சோம்.” அவள் ஜன்னல் பக்கம் பார்க்காமல் பேசினாள். “அவ போயிட்டா. பெரியம்மை. செத்தது வெளியில தெரிஞ்சா ஊரே நடுத்தெருவுல நிக்கணும். ‘நான் செத்தாலும் ஊரை விட்றாதீங்க, யாராவது என் இடத்துல உட்காருங்க’ன்னு அவளே கடைசியில சொன்னாளாம். அவளுக்காகத்தான் இந்த வேஷம் போடறேன். தினமும் இந்த நாற்காலியில உட்காரும்போது அவ மடியில உட்கார்ற மாதிரி இருக்கு. யாரையும் நாங்க கெடுக்கல ஐயா.”

சுக்கூரின் வாயில் தயாராக இருந்த கேலி செத்துப்போனது. ஹாலில் யாரோ ஆட்டத்தை ஜெயித்து “ஹவுஸ்!” என்று கத்த, குழந்தைகள் கைதட்டும் சத்தம் கேட்டது. நாற்பது குடும்பம். அவன் வீரமலையைப் பார்த்தான்.

“சார், விட்டுரலாம் சார். பிச்சமுத்துகிட்ட கிழவி உங்களுக்கு முன்னால சாகறதா இல்லைன்னு சொல்லிக்கிறேன். ஒரு பொய்தானே?”

வீரமலைக்கும் மனசு இளகியிருந்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் கண் மட்டும் கோட்டின் மேலேயே இருந்தது.

“அம்மா, ‘சொன்னாளாம்’னீங்க. அவங்க சொன்னதை நீங்க கேட்கலையா?”

“யாரும் கேட்கல. அம்மைன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து டென்சில் ஒருத்தர்தான் உள்ள போனார். அவருக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்து போனதாம். தெரு முனையிலயே நின்னு எல்லாரையும் தடுத்துட்டார். என் வீட்ல பேரக் குழந்தைங்க இருக்கு. ‘ரோசரி வரவே கூடாது’ன்னு பேட்ரிசியாவே டென்சில்கிட்ட சொல்லி அனுப்பினா. தினம் கஞ்சி காய்ச்சி டென்சில்கிட்ட கொடுப்பேன். பாத்திரம் காலியாத் திரும்பி வரும்.”

“இறந்ததும் முகத்தைப் பார்த்தீங்களா?”

“மூடியிருந்தது. அம்மை கண்ட உடம்பு, தொடக் கூடாதுன்னார். பின் தோட்டத்துல, ரோஜாச் செடிங்களுக்குப் பக்கத்துல அடக்கம் பண்ணோம். தள்ளி நின்னுதான் ஜெபம் பண்ணோம்.”

“எப்ப அம்மை கண்டது?”

“சித்திரையில. நாள் ஞாபகமில்ல...” அவள் நெற்றியைச் சுருக்கினாள். “இருங்க. ஸ்ரீரங்கத்துத் தேர் அன்னைக்குப் பால்காரன் வரல. கஞ்சிக்குப் பால் இல்லையேன்னு தவிச்சேன். டென்சில் வந்து, ‘இனிமே கஞ்சியும் வேணாம், நினைவே இல்லாமக் கிடக்கா’ன்னார். படுத்து ஒரு வாரம் இருக்கும் அப்ப. தேர் முடிஞ்சு ரெண்டாம் நாள் போயிட்டா.”

சுக்கூர் நிமிர்ந்தான். வெங்காய மண்டிக்கு மேலே அந்தச் செங்குத்தான படிகள் அவன் கண்முன் வந்தன.

“சார்...”

“ஆமா பாய்.” வீரமலையின் குரல் தணிந்துவிட்டது. “அம்மா, தேர் அன்னைக்கு மிஸ் பேட்ரிசியா நினைவில்லாமக் கிடக்கல. நீங்க யாரும் பார்க்கலைன்னா, பின் பக்கத்து வாய்க்கால் கரை வழியாத்தான் போயிருக்கணும். ஜட்கா பிடிச்சு, மருதை கடைப் படியேறி, இந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தாங்க. உடம்புல ஒரு கொப்புளம் இல்ல. கம்பளி எதுக்குன்னு யோசிச்சீங்களா? குளிர் தேசத்துக்குப் போகத்தான்.”

“இங்கிலாந்துல தங்கச்சி இருக்கா...” ரோசரியின் உதடுகள் மட்டும் அசைந்தன. “ஆனா என்கிட்ட சொல்லாமலா?”

“யாரோ ஒருத்தர்கிட்ட முதல்ல சொல்லியிருக்காங்க. அந்த ஆள் உங்ககிட்ட அம்மைன்னு சொன்னான். அவங்ககிட்ட, நீங்க எல்லாரும் கோபமா இருக்கீங்க, முகத்துல முழிக்க மாட்டீங்கன்னு சொன்னான். ‘அங்க யாரும் என் முகத்தைப் பார்க்கிறதில்ல’ன்னு தையல்காரர்கிட்ட அழுதிருக்காங்க.”

ரோசரி வாயைப் பொத்திக்கொண்டாள். “அவ ரோஷக்காரி. யாரும் வரலைன்னா தானா வந்து கதவைத் தட்ட மாட்டா. அது டென்சிலுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்...”

அப்போதுதான் சுக்கூர் கவனித்தான். வெளியே சத்தமில்லை. நம்பர் கூப்பிடும் குரல் நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை.

எட்டிப் பார்த்தான். ஹாலின் திறந்த வாசலுக்கு நேர் எதிரே இருந்தது இந்த ஜன்னல். ரோசரி எழுந்தபோதே காலி நாற்காலி அங்கே தெரிந்திருக்கும்.

மாடிப்படி முனகியது.

டென்சில் ரோச் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கையில் கனத்த கைத்தடி. மூச்சு வாங்கவில்லை, முகம் சிவக்கவில்லை. அதுதான் சுக்கூருக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. அவன் தன்னையறியாமல் ரோசரிக்கு முன்னால் வந்து நின்றான்.

“மிஸ்டர், கீழே நாற்பது குடும்பம் உட்கார்ந்திருக்கு. நீங்க கோட்டை எடுத்துட்டுப் போயிட்டா எல்லாரும் டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போவாங்க. பேசினீங்கன்னா, அடுத்த மாசம் பிச்சமுத்து ஆளுங்க கடப்பாரையோட வருவாங்க. எங்களை எந்த ஊர் சேர்த்துக்கும்? இங்கிலாந்துக்கு நாங்க கறுப்பு. இங்க நாங்க வெள்ளை. இது ஒண்ணுதான் எங்க ஊர்.”

“அது மிஸ் பேட்ரிசியாவுக்கும் ஊர்தான்.”

“போறேன்னு சொன்னா மேன்! வயசான காலத்துல தங்கச்சியோட இருக்கணுமாம். ஒரு பொம்பளை கப்பல் ஏறினா ஒரு ஊரே அழியும்னு சொன்னேன். கெஞ்சினேன். யாரும் பேசலைன்னா மனசு மாறுவான்னு பார்த்தேன். மாறல. கோட் தைக்கப் போயிட்டு வந்தா. அவ கப்பல் ஏறினா மறைக்க முடியாது, செத்தா மறைக்கலாம்.” அவர் குரல் முதல்முறையாக உடைந்தது. “தூக்க மருந்துதான். வலிக்கல அவளுக்கு.”

வீரமலை ஓரடி முன்னால் வைத்தார். கைத்தடி உயர்ந்தது. சுக்கூர் கையில் அகப்பட்ட பூ ஜாடியைப் பற்றினான்.

“டென்சில்.”

ரோசரி எழுந்திருந்தாள். தரையில் புரளும் கோட்டோடு, இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் தோளுக்குக் கூட வரவில்லை அவள்.

“அந்த நாட்கள்ல அவ என்னைப் பத்தி என்ன கேட்டா?”

“ரோசரி, இப்ப அது...”

“என்ன கேட்டா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கைத்தடி தானாகத் தாழ்ந்தது.

“தினமும் அதையேதான் கேட்டா. ‘ரோசரிக்கு இன்னும் கோபம் தீரலையா’ன்னு.”

ரோசரி கையை நீட்டினாள். நீளக் கம்பளிக் கைக்குள்ளிருந்து விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. டென்சில் பாக்கெட்டில் கைவிட்டுச் சாவியை எடுத்து அதில் வைத்தார். பிறகு அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வீரமலை கைத்தடியை வாங்கிச் சுவரோரம் சாத்தினார்.

“பாய், ஹால்ல டெலிபோன் இருக்கும். போலீசுக்குச் சொல்லு.”

சுக்கூர் ரோசரிக்குப் பின்னாலேயே இறங்கினான். ஆட்டம் நின்றுபோன ஜனங்கள் டம்போலா சீட்டும் கையுமாகப் புல்தரைக்கு வந்திருந்தார்கள். வேஷம் கலைந்த ரோசரியைப் பார்த்ததும் கூட்டம் பின்வாங்கியது.

“பேட்ரிசியாவுக்கு அம்மை வரல” என்றாள் ரோசரி. “டென்சில் அவளைக் கொன்னுட்டார். அவ இங்கிலாந்துல தங்கச்சிகிட்ட போக ஆசைப்பட்டா. நாம எல்லாரும் அவமேல கோபமா இருக்கோம்னு நினைச்சுக்கிட்டே செத்துப்போனா.”

ஒரு குழந்தை மட்டும் கேக் கேட்டு அழுதது. நாயைப் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் ஓரடி முன்னால் வந்தார். அவர் கேட்டது, எல்லார் மனதிலும் இருந்ததுதான்.

“அப்ப நாம எங்க போறது, ரோசரி?”

ஹால் படியில் கால் வைத்த சுக்கூர் நின்றுவிட்டான்.

ரோசரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அதை நாளைக்குப் பார்ப்போம். இத்தனை நாளா நாம யாரும் அவளைப் போய்ப் பார்க்கலையே. முதல்ல அவகிட்ட போவோம்.”

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின் தோட்டத்தை நோக்கி நடந்தாள். கொஞ்ச நேரம் அவள் மட்டும்தான் நடந்தாள். பிறகு கிழவர் நாயின் கயிற்றை விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் ஒருத்தி. அப்புறம் ஒவ்வொருவராக.